வேகன் ஆர் டயரும் பழைய கொண்டென்சரும்: மட்டக்களப்பு ரேலியில் ஒரு மொறிஸ் மைனர் – நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடிந்தும் விடியாத வேளையில், மட்டக்களப்பு காந்தி பூங்காவின் முன்னிருந்து பதினேழு பழைய கார்கள் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. அவற்றில் ஒன்பதாவதாகக் கிளம்பிய மொறிஸ் மைனரை என் மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து வழியும் நேரமும் பார்த்தேன். மாலையில் திரும்பி வந்தபோது எங்கள் கணக்கில் 626 தண்டப் புள்ளிகள் இருந்தன. பதினேழு பேரில் நாங்கள் பதினைந்தாவது. எங்களுக்குப் பின்னால் வந்த இருவரில் ஒருவர் ரேடியேட்டர் வெடித்துக் கல்முனையோடு நின்றுவிட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே நேர்மை.

பழைய காரில் போனால் இப்படித்தான் ஆகும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். முடிவுத் தாளை எடுத்துவைத்துக் கணக்குப் பார்த்தபோது அது அப்படியில்லை என்று தெரிந்தது. 626 புள்ளிகளில் 382 இரண்டு டயர்களால் வந்தவை. 230 கொண்டென்சர் என்ற, விரல் நீளம்கூட இல்லாத ஒரு மின் உறுப்பால் வந்தவை. எஞ்சிய 14 மட்டுமே என் கணக்குப் பிசகாலும் மச்சானின் கால் அழுத்தத்தாலும் வந்தவை. அந்த டயர்களையும் மின் உறுப்பையும் ரேலிக்கு முந்திய நாட்களில் நாங்களே காசு கொடுத்து வாங்கிப் பூட்டினோம். அறுபது வயதை அண்டிய அந்தக் கார் தன் சொந்த முதுமையால் எங்களுக்கு ஒரு புள்ளிகூட இழப்பு வைக்கவில்லை. இது எப்படி நிகழ்ந்தது, எந்தெந்த இடத்தில் அதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதையே கீழே எழுதுகிறேன்.

ரேலியின் வகை

ரேலி என்றதும் புழுதி பறக்கச் சறுக்கி ஓடும் கார்களே பலருக்கு நினைவில் வரும். நாங்கள் போனது அந்த வகையன்று. திறந்த வீதியில், மற்ற வாகனங்களோடு வாகனமாக, வீதிச் சட்டத்துக்குள் நின்று ஓடும் நேர ஒழுங்கு ரேலி அது. இலங்கையில் கார்களுக்கு ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றரும் வெளியே 70 கிலோமீற்றரும் உச்ச வேகம். ஒழுங்கமைப்பாளர்கள் தந்த சராசரி வேகம் காலையில் 40, பிற்பகலில் 36. ஆகவே யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. குறித்த பகுதியைக் குறித்த சராசரியில், செக்கன் பிசகாமல் கடக்க வேண்டும். இடையில் எங்கே நேரம் பார்ப்பவர் நிற்கிறார் என்பது எவருக்கும் தெரியாது. மரத்தடியில் கதிரை போட்டு அமர்ந்திருப்பவர், நாம் கடக்கும் நேரத்தை எழுதிக்கொள்வார். ஒரு செக்கன் பிந்தினால் ஒரு புள்ளி, ஒரு செக்கன் முந்தினால் இரண்டு புள்ளி. அவசரக்காரனுக்கு இரட்டைத் தண்டம் என்பதுதான் இந்த விளையாட்டின் அழகு. இவ்வாறான பகுதிகளுக்கு இடையில் வரும் சாதாரண ஓட்டத்தில், சோதனை நிலையத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினால் பத்துப் புள்ளி.

வழி சொல்வதற்கு வரைபடம் கிடையாது. வழிப்புத்தகம் ஒன்று தருவார்கள். ஒவ்வொரு சந்திக்கும் ஒரு சிறு கோட்டுப் படம், நாம் வரும் பக்கத்தில் ஓர் உருண்டைப் புள்ளி, போகும் பக்கத்தில் அம்புக்குறி, அருகே தொடக்கத்திலிருந்து அந்தச் சந்தி வரையான தூரம். 1949இல் ஒல்லாந்தில் தொடங்கிய துலிப் ரேலியின் பெயரால் இந்தப் படங்களைத் துலிப் என்றே உலகமெங்கும் அழைக்கிறார்கள். கைப்பேசியில் வழிகாட்டி பார்ப்பது தடை. தூரம் காரின் தூரமானியிலிருந்தே வர வேண்டும். எங்கள் கதையின் முடிச்சு விழுந்ததும் அங்கேதான்.

மலிவுக் காரில் நெடுந்தூரம் போவது உலகத்துக்குப் புதிதன்று. 2004இல் தொடங்கிய மங்கோல் ரேலி, சிறிய எஞ்சின் கொண்ட சாதாரணக் கார்களில் ஐரோப்பாவிலிருந்து மங்கோலியா வரை போவதையே விளையாட்டாக்கியது. ஆனால் எங்கள் நாட்டில் மலிவுக் கார் என்ற சொல்லே சில ஆண்டுகளாகப் பொருளிழந்து கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பாவித்த சின்னக் கார்கூட வீடு கட்டும் விலைக்குப் போய்விட்டது. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தவர்களுக்கு, கார் வைத்திருப்பதே பாரமாகத் தெரிந்தது. அந்த நிலையில், உறவினர் ஒருவரின் மாட்டுக் கொட்டிலில் சாக்குப் போர்த்து நின்ற மொறிஸ் மைனரை நான்கு இலட்சத்து இருபதாயிரம் ரூபாவுக்கு நாங்கள் வாங்கினோம். அது ஒரு நல்ல வேகன் ஆரின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

கார்

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் விற்பனைக்கு வந்து, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. எங்களுடையது 1,098 கனசென்ரிமீற்றர் எஞ்சின் கொண்டது, ஆகவே 1962க்குப் பிந்தியது. பின் சக்கரங்கள் இழுக்கும் கார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பற் மொஸ் என்ற பெண், இதே இனத்துக் காரில் 1958ஆம் ஆண்டு பிரித்தானிய ஆர்.ஏ.சி. ரேலியை நான்காம் இடத்தில் முடித்தார். இதை மச்சான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எங்களுடையது பற் மொஸ் ஓட்டிய அதே கார்தான் என்று சிலர் நம்பியும்விட்டார்கள்.

இந்தக் காரின் நோய்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. முன் சக்கரத்தின் அடிமூட்டுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் முழங்கால் மடிந்ததுபோல் வெளியே சரிந்துவிடும். பிரேக்கின் தலைச் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எண்ணெய் குறைந்தாலும் கண்ணில் படாது. மின் ஏற்பாட்டில் பொசிட்டிவ் முனையே உடலோடு இணைந்திருக்கிறது. இந்தக் காலத்துக் கைப்பேசிச் சார்ஜரை அப்படியே செருகினால் சார்ஜரோ உருகியோ போய்விடும். எங்களுக்கு முதலில் போனது உருகி, பிறகு சார்ஜர்.

கல்லடியில் கராஜ் வைத்திருக்கும் மாமா ஒருவர், தம் இளமையில் இந்தக் கார்களிலேயே தொழில் பழகியவர். அவர் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அடிமூட்டு கழற்றிக் கழுவப்பட்டது. பிரேக் றப்பர்கள் மாற்றப்பட்டன. ரேடியேட்டர் திறந்து தூர் வாரப்பட்டது. பெற்றோல் தாங்கியின் அடியிலிருந்து ஒரு பேணி நிறையத் துரு வந்தது. இவ்வளவும் நன்றாகவே நடந்தன; இவற்றில் எதுவும் ரேலியில் எங்களைக் கைவிடவில்லை என்பதால் மேலும் விவரிக்கவில்லை.

விவரிக்க வேண்டியது கடைசி வாரத்தை. ரேலிக்கு ஏழு நாள் முன்பு, மானியை அளந்தோம். மைனரின் மானி மைல் கணக்கில் ஓடுகிறது, இடையில் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் வசதியும் அதில் இல்லை. வழிப்புத்தகமோ கிலோமீற்றரில் வரும். ஆகவே கல்முனை வீதியில், கிலோமீற்றர்த் தூண் ஒன்றிலிருந்து புறப்பட்டு மானியில் பத்து மைல் ஓடினோம். தூண் கணக்கில் அது 15.8 கிலோமீற்றராக இருந்தது. சரியான பத்து மைல் என்றால் 16.09 வர வேண்டும். டயர் மொட்டையாகத் தேய்ந்திருந்ததால் வந்த குறை அது. எங்கள் காரின் ஒரு மைல் 1.58 கிலோமீற்றர் என்று கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டேன். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அப்படிப்பட்ட ஒரு மைலைக் கடக்க 2 நிமிடம் 22 செக்கன். அந்த அடிப்படையில் முப்பது மைல் வரைக்கும் நேர அட்டவணை ஒன்று தயாரித்தேன். இவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறொன்றும் எனக்கு நினைவில் இல்லை.

மூன்று நாள் கழித்து, மாமா பின் டயர் இரண்டையும் தடவிப் பார்த்து, "மனே, உள்ளுக்க நூல் தெரியுது, இதோட படுவான்கரைக் கிறவலுக்குப் போகேலா" என்றார். படுவான்கரை என்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, கிறவல் என்பது சரளை வீதி. மாமா சொன்னது முற்றிலும் உண்மை. எங்களிடம் இருந்தவை 155/80 ஆர் 14 அளவு. அந்த அளவில் புது டயருக்கு எங்கள் கையிருப்பு போதவில்லை. காத்தான்குடியில் பாவித்த டயர் விற்கும் காக்கா (அண்ணன்), வேகன் ஆரிலிருந்து கழற்றிய இரண்டை எடுத்துத் தந்தார்: 155/65 ஆர் 14. உட்புறத்து 14 அங்குலம் ஒன்றுதான், அகலமும் 155தான், ஆகவே பூட்டலாம். டயரின் சுவர் உயரம் மட்டும் குறைவு. 80 என்பதும் 65 என்பதும் அகலத்தின் நூற்றுவீதத்தில் சுவரின் உயரத்தைச் சொல்கின்றன. கடதாசிக் கணக்கில் பழைய அளவின் விட்டம் 604 மில்லிமீற்றர், வாங்கியதின் விட்டம் 557. "கார் கொஞ்சம் குந்தும், பாக்கப் பரவாயில்ல" என்று காக்கா சொன்னார். நாங்களும் காரின் குந்தலைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, வேறொன்றும் யோசிக்கவில்லை.

அன்று மாலையே மாமா, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரைத் திறந்து, அதன் உள்ளே மின்னோட்டத்தைத் தொட்டும் விட்டும் துண்டிக்கும் பொயிண்டை மாற்றினார். அதோடு சேர்ந்து வந்த புதுக் கொண்டென்சரையும் பூட்டினார். பழையது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பொயிண்ட் மாற்றினால் கொண்டென்சரும் மாற்றுவது வழக்கம், அவ்வளவுதான். கழற்றியதை நான் குப்பையில் போடப் போனபோது அவர் கையைப் பிடித்தார். "பழச எறியாத மனே, ஓடின சாமான் அது." ஓர் இருமல் மிட்டாய்ப் பேணியில் போட்டுக் காரின் முன்தட்டில் வைத்தேன். பிறகு கல்லடிப் பாலம் வரை போய்த் திரும்பினோம். மாலைக் காற்றில் ஓட்டம் பட்டுப்போல் இருந்தது.

காலைப் பகுதி

6 மணி 9 நிமிடத்துக்குப் புறப்பட்டு, கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் இறங்கினோம். 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதைப்படகுதான். என் பாட்டனார் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயில் தேருக்குப் போன கதைகளில் பாதி, அந்தப் படகுக்குக் காத்திருந்த கதைதான். கொக்கட்டிச்சோலையைத் தாண்டியதும் 27 கிலோமீற்றருக்கும் சற்று மேற்பட்ட நேர ஒழுங்குப் பகுதி தொடங்கியது. வயல் வீதிகளிலும் வாய்க்கால் ஓரக் கிறவல்களிலும் சுற்றி வெல்லாவெளிப் பக்கம் போய் முடியும் வழி அது.

யல போக அறுவடைக் காலம். வீதியின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருந்தது. அதன் ஓரத்துக்குக் கல் வைத்திருப்பார்கள். இரவில் வருபவன் தடுக்கிவிழுவான், பகலில் வருபவன் மறுபாதியில் எதிரே வரும் உழவு இயந்திரத்துக்கு வழி விட்டு நிற்க வேண்டும். மாட்டுப் பட்டி ஒன்று எங்களுக்கு முன்னால் அரை நிமிடம் நடந்தது. இப்படி இழக்கும் நேரத்தைப் பின்னர் சிறுகச் சிறுக மீட்டுக்கொள்ள வேண்டும். மச்சான் அதில் கெட்டிக்காரர். மானியில் மைல் ஒன்று உருளும் ஒவ்வொரு முறையும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலு செக்கன் பிந்தி", "ரெண்டு முந்தி" என்று சொல்வேன். அவர் பாதம் அதற்கேற்ப அசையும். பகுதி முடியும்போது என் அட்டவணைக்கும் கடிகாரத்துக்கும் மூன்று செக்கனுக்கு மேல் வித்தியாசம் இருக்கவில்லை. இருவரும் கைகொடுத்துக்கொண்டோம். முதல் மூன்று இடத்துக்குள் நாங்கள் என்பதில் எங்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

ஆனால் வழியில் ஓர் அறிகுறி இருந்தது, நான் அதைக் கண்டேன், கண்டும் தள்ளினேன். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வெட்கமான இடம் இதுதான். வழிப்புத்தகத்தில் 12.6 கிலோமீற்றரில் ஒரு முச்சந்தி, அருகே வைரவர் சூலம் என்று குறித்திருந்தது. என் கணக்குப்படி அது மானியில் எட்டு மைலில் வர வேண்டும். எட்டு உருண்டு போய், எட்டரையையும் தாண்டிய பின்னரே சூலம் கண்ணில் பட்டது. அதற்கு முந்திய சந்திகளும் இப்படித்தான் தள்ளித் தள்ளி வந்திருந்தன. நான் என்ன செய்தேன்? பென்சிலால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் "புத்தகம் பிழை" என்று எழுதினேன். அவர்கள் மோட்டார் சைக்கிளில் அளந்திருப்பார்கள், எங்கோ குறுக்குவழியில் போயிருப்பார்கள் என்று மச்சானிடம் விளக்கமும் சொன்னேன். கோடு போட்டு எழுதிய 1.58 மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை. வழிப்புத்தகம் பிழை என்றால் ஓரிரு இடத்தில் பிழைக்கும்; எல்லாச் சந்தியும் ஒரே பக்கத்துக்கு, ஒரே வீதத்தில் பிழைக்குமா என்ற கேள்வி, ஓடும் காரில் எனக்குத் தோன்றவில்லை.

பட்டிருப்புப் பாலத்தால் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு மீண்டு, களுவாஞ்சிகுடி, கல்முனை ஊடாகப் போனோம். சாய்ந்தமருதுக் கடைத்தெருவின் நெரிசலில் எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றது. சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்பின் டிக் டிக் ஓசை இல்லை. இந்தக் காரில் பம்ப் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் தொடுமுனை தேய்ந்தால் சில வேளை ஒட்டிக்கொள்ளும். மாமா முதல்நாளே சொல்லித் தந்திருந்தார். மச்சான் இறங்கி, மூடியைத் திறந்து, ஸ்பனர் பிடியால் பம்பின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். டிக் டிக் டிக். ஒரு நிமிடம்கூடப் போகவில்லை, தண்டமும் இல்லை. பழைய நோய்க்கு இந்த ஒரு நன்மை உண்டு; எங்கே தட்ட வேண்டும் என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

அம்பாறையில் மதியம்

காரைதீவில் திரும்பிச் சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குச் சென்று சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. சாப்பாட்டு மண்டபத்தின் சுவரில் காலைப் பகுதியின் தாளை ஒட்டியிருந்தார்கள். இரகசிய நிலையங்கள் மூன்று. 9ஆம் கிலோமீற்றரில் நாங்கள் 62 செக்கன் பிந்தி, 19.5இல் 134 செக்கன் பிந்தி; 27இல் 186 செக்கன் பிந்தி. மொத்தம் 382.

மச்சான் முதலில் அவர்களின் கடிகாரத்தைக் குறை சொன்னார். நானும் சண்டைக்குத் தயாராகவே இருந்தேன். சோற்றுத் தட்டோடு நின்று, ஏதோ ஒரு பழக்கத்தில், பிந்திய செக்கனைக் கிலோமீற்றரால் வகுத்துப் பார்த்தேன். 62ஐ 9ஆல் வகுத்தால் 6.9. 134ஐ 19.5ஆல் வகுத்தாலும் 6.9. 186ஐ 27ஆல் வகுத்தாலும் அதே 6.9. கடிகாரம் பிழையென்றால் மூன்று இடத்திலும் ஒரே அளவு செக்கன் வித்தியாசப்படும். மாடும் நெல்லும் காரணமென்றால் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறையும். தூரத்தோடு சேர்ந்து ஒரே சீராக வளரும் பிழை, தூரத்தை அளக்கும் கோலின் பிழையாகத்தான் இருக்க முடியும். சோறு ஆற விட்டுவிட்டுக் காரின் பின்பக்கம் போய்க் குந்தினேன். அங்கே வேகன் ஆர் டயர் இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

மைனரின் மானிக்குக் கேபிள் கியர் பெட்டியிலிருந்து வருகிறது. கியர் பெட்டி பின் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை மட்டும் அறியும். ஒவ்வொரு சுற்றுக்கும் கார் எவ்வளவு நகர்ந்தது என்பதை அது அறியாது. சுண்ணக்கட்டியால் டயரிலும் நிலத்திலும் கோடு போட்டு, காரை ஒரு சுற்றுத் தள்ளி, மச்சானின் சாரத்தில் தூசு படிய நிலத்தில் கிடந்து அளந்தோம்: 1 மீற்றர் 70 சென்ரிமீற்றர். டிக்கியில் மேலதிகச் சக்கரமாகக் கிடந்த பழைய டயரை உருட்டியபோது 1 மீற்றர் 83. சுமை இல்லாமல் உருட்டிய டயர் சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்றாலும், குறை ஏறத்தாழ ஏழு நூற்றுவீதம் என்பது உறுதியாயிற்று. எங்கள் மைல் 1.58 கிலோமீற்றரிலிருந்து 1.47க்குச் சுருங்கிப் போயிருக்கிறது. மானியில் ஒரு மைல் ஓடி 2 நிமிடம் 22 செக்கன் என்று பெருமையோடு நான் அறிவித்த ஒவ்வொரு முறையும், உண்மையில் 2 நிமிடம் 12 செக்கனில் கடக்க வேண்டிய தூரத்தையே கடந்திருக்கிறோம். மைலுக்குப் பத்துச் செக்கன்.

வைரவர் சூலமும் சரியான இடத்திலேயே நின்றிருந்தது. "புத்தகம் பிழை" என்று எழுதியதை அழித்தேன். பிற்பகலுக்குச் சராசரி 36. அந்த வேகத்தில் ஒரு கிலோமீற்றருக்குச் சரியாக 100 செக்கன் என்பதால் கணக்கு இலகு. மைலுக்கு 147 செக்கன், அதாவது 2 நிமிடம் 27. அட்டவணையை ஒரு கடதாசித் தட்டின் பின்புறத்தில் புதிதாக எழுதினேன்.

மகாஓயா வீதி

பிற்பகல் 1 மணி 9 நிமிடத்துக்கு அம்பாறையிலிருந்து உகணை ஊடாக மகாஓயா நோக்கிப் புறப்பட்டோம். இது சாதாரண ஓட்டம். ஒன்றரை மணி நேரம் தந்திருந்தார்கள். கச்சான் காற்று நெருப்பாக அடித்தது. மேற்கிலிருந்து மலை தாண்டி வரும்போது ஈரத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, வெறும் வெப்பமாக எங்கள் பக்கம் இறங்குகிற காற்று அது. உகணையைக் கடந்து சற்றுத் தூரத்தில் எஞ்சின் தும்மத் தொடங்கியது. மேட்டில் இழுக்கவில்லை. பிறகு நின்றுவிட்டது.

பம்ப் டிக் டிக் என்றது. குழாயைக் கழற்றினால் பெற்றோல் சீறியது. ஆகவே குறை எரிபொருளில் அன்று, மின்பொறியில். பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் உடலுக்கு அருகே பிடித்தபோது, நீலமாகச் சடார் என்று பாய வேண்டிய பொறி, மஞ்சளாகச் சோர்ந்து விழுந்தது. டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், நான்கு நாள்கூட வயதாகாத பொயிண்டின் முகம் கருகியிருந்தது. மச்சான் தம் மனைவியின் கைப்பையிலிருந்து வந்த நக அரத்தால் அதைத் தேய்த்தார். எஞ்சின் எடுத்தது. இரண்டு கிலோமீற்றர் போனதும் மீண்டும் நின்றது. மீண்டும் கரி.

பொயிண்ட் ஏன் கருகுகிறது என்று இரண்டாம் முறைதான் யோசித்தோம். பொயிண்ட் திறக்கும் கணத்தில், இக்னிஷன் கொயிலில் ஓடிய மின்னோட்டம் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும். அதைப் பாய விடாமல் தனக்குள் இழுத்துக்கொள்வது கொண்டென்சர். அப்படி இழுத்தால்தான் கொயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பிளக்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் பிறக்கும். கொண்டென்சர் செயலிழந்தால் பொறி பிளக்கில் வராது, பொயிண்டில் வரும், பொயிண்ட் கருகும். இந்த உறுப்பு பல வேளை குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, சூடேறியதும் கைவிடும். கல்லடிப் பாலம் வரை மாலைக் காற்றில் நாங்கள் செய்த ஓட்டப் பரிசோதனையில் அது எப்படித் தெரியவரும்?

இருமல் மிட்டாய்ப் பேணியைத் திறந்தேன். ஓர் ஆணி, ஒரு வயர். மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கழற்றிய ஆணி எஞ்சினுக்குள் விழுந்துவிடாமல் மச்சான் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற நேரமும் சேர்த்து. எஞ்சின் முதல் திருப்பிலேயே எடுத்தது. மகாஓயா நிலையத்தில் 23 நிமிடம் பிந்தி: 230 புள்ளி.

மகாஓயாவுக்கு அப்பால் செங்கலடி வீதியில், புல்லுமலை, கரடியனாறுப் பக்கமாக இரண்டாவது நேர ஒழுங்குப் பகுதி. யானை நடமாடும் வழி என்பதால் மாலை ஐந்தரைக்குள் எல்லாக் கார்களும் கடந்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. ஒவ்வொருவருக்கும் புதிய தொடக்க நேரம் தந்ததால், முந்திய பிந்தல் இதில் சேரவில்லை. கடதாசித் தட்டு அட்டவணையோடு ஓடினோம். முதல் நிலையத்தில் 4 செக்கன் பிந்தி, இரண்டாவதில் 3 செக்கன் முந்தி, மூன்றாவதில் 4 செக்கன் பிந்தி. பதினான்கு புள்ளி. அந்தப் பகுதியில் மட்டும் பார்த்தால் பதினேழு கார்களில் எங்களுக்கு இரண்டாம் இடம். முதலாமவர் தூரம் அளக்கும் இலத்திரன் கருவி பூட்டிய ஒரு லான்சர்.

காரணங்களைப் பற்றி

பழையதையெல்லாம் அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நூல் தெரிந்த டயரில் கிறவல் வீதியில் போயிருந்தால், இந்த ஆய்வை எழுத ஆள் இருந்திருக்குமோ தெரியாது. டயரை மாற்றியது சரி. சின்ன டயரை வாங்கியதும், கைக்காசுக்கு ஏற்ற முடிவுதான். மாற்றிய பிறகு அளவை மீண்டும் எடுக்காததே பிழை. அதற்கு வேண்டியது அரை மணி நேரமும் பத்து மைல் பெற்றோலும். டயர் மாமாவின் வேலை, மானி என் வேலை என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். டயரும் மானியும் தங்களுக்குள் அப்படிப் பிரித்துக்கொள்ளவில்லை.

கொண்டென்சர் விடயத்தில் எனக்கும் மாமாவுக்கும் இன்னும் கருத்து ஒத்துப்போகவில்லை. வேலை செய்துகொண்டிருந்த உறுப்பை வழக்கத்துக்காக மாற்றியது தேவையற்றது என்பது என் கட்சி. பொயிண்ட் மாற்றுகிறபோது கொண்டென்சரும் மாற்றுவதே முறை, அந்தக் காலத்து உறுப்புகள் இப்படிப் பிழைத்ததில்லை, இது இப்போது வரும் சாமானின் குறை என்பது அவர் கட்சி. நான் ஒன்று கேட்டேன்: மாற்றிய பின் ஒரு நண்பகலில், எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தால்? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தேநீர் ஊற்றித் தந்தார்.

பிறகு அந்தப் புதுக் கொண்டென்சரை வாளால் இரண்டாக அறுத்துப் பார்த்தோம். உள்ளே தகட்டுச் சுருளின் முனையை வயரோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கவில்லை. ஒரு சிறு வில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. வில் தளர்ந்து கிடந்தது. மாமா அதை விரல் நுனியில் அசைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நானூற்றம்பது ரூபா" என்றார்.

வேகன் ஆர் டயர்கள் இன்னும் காரில்தான் இருக்கின்றன. கொப்பியின் முதற் பக்கத்தில் 1.58 வெட்டப்பட்டு, 1.47 என்றும், அருகே டயரின் அளவும் அளந்த திகதியும் எழுதப்பட்டுள்ளன. டிஸ்ரிபியூட்டரில் பழைய கொண்டென்சர் ஓடுகிறது. கரடியனாற்றில் கழித்துப் போட்ட ஒரு மைனரிலிருந்து மச்சான் கழற்றி வந்த இன்னொன்று இருமல் மிட்டாய்ப் பேணியில் கிடக்கிறது. அடுத்த ரேலிக்கு முன், வெயில் ஏறிய ஒரு பகலில் அதையும் பூட்டி மண்முனைப் பாலம் வரை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.